தொடக்க வெப்பநிலை

நானூறு குதிரை வேண்டும் என்று வந்தார் ஹென்னிங் குவோக்சு.
பாயலாவில் பிப்ரவரி.
கதவைத் திறந்ததும் அவரை முந்திக்கொண்டு
பட்டறைக்குள் நுழைந்தது குளிர்,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தாறு.

ஐந்து சிலிண்டர். ஒரு டர்போ.
முந்தைய சொந்தக்காரன் எவனோ
அவசரத்தில் திருத்திய மென்பொருள்.
ஏரி உறைந்தால் அதன்மேல் பந்தயம் ஓட்டுகிறவர் இவர்.
"குளிர்க்காற்று அடர்த்தி, எல்னா.
இனாமாக வரும் சக்தி" என்றார்.
இனாம்தான்.
பிஸ்டனைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.

அவர் காப்பி வாங்கப் போனார்.
நான் எழுதத் தொடங்கினேன்.

எண்ணெய் அறுபதைத் தொடாவிட்டால்
மூவாயிரம் சுற்றுக்கு மேல் விடாதே.
வெளியே மைனஸ் இருபதுக்குக் கீழ் என்றால்
டர்போவின் மூச்சைக் கொஞ்சம் பிடித்துவை.
ஜூலையில், ஏதோ ஒரு மேட்டில், லாரிக்குப் பின்னால்,
உள்ளே போகும் காற்று ஐம்பதைத் தாண்டினால்
தீப்பொறியை இரண்டு பாகை தாமதி.
உள்ளே தட்டினால் இன்னும் இரண்டு.
ஓட்டுகிறவர் எவ்வளவு மிதித்தாலும் சரி.
காலுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

இப்படியே என் பிழைப்பு:
இரும்பு சொல்ல மறந்த 'மாட்டேன்'களை
அதன் வாயில் வைப்பது.

பிறகு, வழக்கம்போல,
மூன்று மாதப் பதிவை விரித்தேன்.
தேதி, மணி, சுற்று, குளிர்நீர், எண்ணெய்.
வரிசை வரிசையாக எண்கள். படிக்கத் தெரிந்தவளுக்கு
அது எண்ணாகவே இருப்பதில்லை.

நவம்பர் முழுக்க, காலை ஏழுக்கு,
இயந்திரம் நாற்பது பாகையில் விழிக்கிறது.
அப்படியென்றால் இரவே யாரோ
வாசலில் இறங்கி, சூடாக்கியின் வயரைச்
சுவரில் செருகியிருக்கிறார்கள்.
டிசம்பரிலும் நாற்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று.
ஜனவரி ஒன்பதாம் தேதி
மைனஸ் முப்பத்தொன்று.

அதற்குப் பிறகு ஒருநாள்கூட வயர் இல்லை.

இரவு ஒன்று இருபதுக்குத் தொடக்கம்.
வேகம் பூஜ்யம். கியர் நடுவில்.
நாற்பது நிமிடம் ஓடி அணைகிறது.
மூன்றுக்கு மறுபடி. நாலரைக்கு மறுபடி.
ஆறு இருபதுக்கு வண்டி நகர்கிறது,
மரக்கிடங்குக்கு, வேலைக்கு.
இருபத்தாறு இரவுகள்.
எண்ணினேன். எண்ணியிருக்க வேண்டாம்.

என் தொழில் அறிவு சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்:
நின்ற இடத்தில் குளிரில் ஓடும் இயந்திரத்தில்
எரியாத பெட்ரோல் சுவர் வழியே இறங்கி
எண்ணெயைத் தண்ணீராக்கும்.
பதினைந்து நிமிடத்தில் தானாக அணைய
ஒரு வரி போதும். எல்லோருக்கும் எழுதுகிற வரி.
கர்சர் அந்த இடத்தில்தான் துடித்துக்கொண்டிருந்தது.

எழுதவில்லை.
நின்று ஓடும்போது சுற்றை நூற்றைம்பது கூட்டினேன்,
நீர் சீக்கிரம் சுட,
அந்தச் சூடு சீக்கிரம் இருக்கைக்கு வர.
எரிபொருளை எவ்வளவு மெலிக்கலாமோ அவ்வளவு மெலித்தேன்.
அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது.
'இரவு' என்று வைத்துச் சேமித்தேன்.

அவர் இரண்டு காப்பியோடு வந்தார்.
ரசீதை நெடுநேரம் பார்த்தார்.
நானூற்று மூன்று குதிரை. சிரித்தார்.
கடைசி வரியில் விரல் நின்றது:
எண்ணெய் மாற்ற, வழக்கமான தூரத்தில் பாதி.

"ஏன் பாதி?"

"குளிர்" என்றேன்.

ஜன்னலைப் பார்த்தார். வெளியே எதுவும் இல்லை,
டோர்ன் ஆறும் அதன்மேல் பனியும்.
"ஆமாம், இந்த வருஷம் அதிகம்தான்" என்றார்
போன வருஷமும் இதே அளவு என்று
இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தும்.

பட்டறையின் வெளிச்சுவரில் ஒரு பிளக் உண்டு.
அதைக் காட்டலாமா என்று யோசித்து முடிப்பதற்குள்
வண்டி கிளம்பிவிட்டது,
மூவாயிரத்தைத் தாண்டாமல்.