சதுர அடிக் கணக்கு

மூன்று கூட்டம் கூச்சலில் கலைந்தது.
நான்காவதில், மதியப் பிரியாணி வருவதற்குச் சற்று முன்,
மண்டலத்து பட்ஜெட் நிறைவேறியது.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
மூன்றே காலுக்குக் கோட்டீஸ்வரன் வந்து
"பத்துக்கு எட்டு, ஆறு பேனர், நைட்டே கட்டணும்" என்றபோது தெரிந்தது.
நாலு மணிக்குப் புஷ்பராணியின் ஆள் வந்தான்:
"அதே சைஸு. அவங்க எத்தினியோ அதுக்கு மேல ஒண்ணு."

கொருக்குப்பேட்டை கேட்டை ஒட்டி எங்கள் கடை.
கூட்ஸ் வண்டி போனால் மானிட்டர் நடுங்கும்,
தலைவர்களின் மூக்கும் சேர்ந்து.
அது நிற்கும்வரை கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுவேன்.

சண்டை என்னவென்றால்,
ஒரு பக்கத்துக்குப் பூங்கா வேண்டும்,
வாசலில் வளைவு, வளைவில் பெயர்.
இன்னொரு பக்கத்துக்குக் கால்வாய்ச் சுவர் வேண்டும்,
கேட்டிலிருந்து மீன் மார்க்கெட் வரை எண்ணூறு மீட்டர்.
பணம் ஒன்றுக்குத்தான் இருந்தது.
ஆகவே வளைவு இப்போது, பூங்கா பிறகு.
சுவர் நானூறு மீட்டர், மீதி பிறகு.
அந்தப் 'பிறகு'க்கு
இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்களாம்.

'சொன்னதைச் செய்தோம்' என்று அவருக்கு.
'செய்ய வைத்தோம்' என்று அக்காவுக்கு.
அதே வானம், அதே வெள்ளைப் புறா, அதே கூப்பிய கை.
கரையை மட்டும் மாற்றினேன்.

டீக்கடையில் இதே பேச்சு.
லோடு ஏற்றும் அற்புதராஜ் சொன்னான்:
"வளைவு தெனமும் கண்ல படும்.
சுவரு வெள்ளம் வந்தாதான் தெரியும்.
லாபம் அவங்களுக்குத்தான்."
பஞ்சர் ஒட்டும் ஜாஃபர் டியூபை வாளியில் அமுக்கிக்கொண்டே:
"கட்டாத நானூறு மீட்டர் இருக்கே,
அடுத்த எலெக்‌ஷனுக்கு அதுவே போய் ஓட்டு கேக்கும்.
முழுசா கட்டியிருந்தா அக்கா கைல என்னா இருக்கும்?"
தண்ணீரில் குமிழ் எழும்பியது.
ஓட்டை கிடைத்த சந்தோஷம் அவன் முகத்தில்.

எனக்குத் தெரிந்தது சதுர அடி.
ஆறு பேனர், நானூற்றெண்பது.
ஏழு பேனர், ஐந்நூற்றறுபது.
அக்கா எண்பது அடி முன்னிலை.
பத்தரைக்குக் கோட்டீஸ்வரன் போன்: "இன்னும் ரெண்டு போடு."
அறுநூற்று நாற்பது.
இரவு ஒன்றேகாலுக்கு இங்க் தீர்ந்ததால்
வாக்கு எண்ணிக்கை அத்துடன் முடிந்தது.

வீட்டுக்கு நடந்தேன், கால்வாய் ஓரமாக.
நானூறு மீட்டர் என்றால் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு அடி.
என் ஒரு எட்டு இரண்டடி.
கேட்டிலிருந்து எண்ணினேன்.
நாய் ஒன்று குரைத்ததில் நடுவில் ஒருமுறை தப்பிப்போய்
திரும்ப வந்து முதலிலிருந்து எண்ணினேன்.
அறுநூற்றைம்பத்தாறாவது எட்டு
பிலோமினா அக்காவின் இட்லிக் கடைப் படிக்கட்டில் விழுந்தது.
படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் சுவர்.
எங்கள் வீடு
அந்தப் பக்கம் பத்தொன்பதாவது வாசல்.

மறுநாள் முதலாளி சுந்தரபாபு
இரண்டு பில்லையும் நீட்டினார்.
இரண்டு பேரும் பாதிப் பாதி கொடுத்தார்கள்.
மீதி?
சொல்லி வைத்ததுபோல் ஒரே சொல்.
முதலாளி நோட்டில் எழுதிக்கொண்டார்,
முன்பக்கமெல்லாம் நிறைந்துவிட்டதால்
அட்டையின் உட்புறத்தில்.

வெட்டி விழும் ஓரங்களை நான் எடுத்துக்கொள்ளலாம்,
அது வேலைக்குச் சேரும்போதே பேசியது.
அந்த வாரம் ஒரு கை அகலத்தில் இரண்டு துண்டு:
ஒன்றில் புறாவின் இறக்கை,
ஒன்றில் தலைவர் யாருடையதோ காது.
இரண்டையும் சேர்த்து மடித்து
வாசற்கதவின் அடியில் செருகினேன்.
வானிலை அறிக்கையில் செவ்வாய்க்கிழமை என்றார்கள்.
அம்மா குனிந்து பார்த்துவிட்டு,
"இன்னும் ரெண்டு மடி வை" என்றாள்,
"அந்த ஓரத்துல எடவெளி தெரியுது."