எந்தப் புதுக்காடு

அட்டனில் சாமான் ஏற்றும்போது
சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:
புதுக்காடு. அரிசி இருபது மூட்டை.
பாய், பால்மா, தறப்பாள், மெழுகுதிரி.
மண்சரிவு என்று காலையில் ரேடியோ சொன்னதும்
அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

நான் நோர்வுட் பக்கம் லொறியை விட்டேன்.
எனக்குத் தெரிந்த புதுக்காடு அதுதான்,
மச்சினிச்சியைக் கட்டிக்கொடுத்த இடம்.
லயத்து வாசலில் பிள்ளைகள் டயர் உருட்டினார்கள்.
மலை மலையாகவே இருந்தது.
"இங்க இல்லண்ணே" என்று சிரித்தவள்
சிரித்துவிட்டதற்காக
முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.
விடிந்ததிலிருந்து போன் ஓயவில்லையாம்:
புறக்கோட்டைக் கடையில் நிற்கிற தம்பி,
குவைத்துக்குப் போன நாத்தனார்,
நாலு வருஷமாகப் பேசாத சித்தப்பா கூட.

காட்டை வெட்டி, கட்டையைப் பிடுங்கி
முதல் கன்றை ஊன்றியவர்களுக்குப்
பேர் யோசிக்க எங்கே நேரம்?
துரை தன் சீமையில் விட்டுவந்த ஊரைத்
தகரத்தில் எழுதி மாட்டிக்கொண்டான்.
நம் ஆள் அட்டையை உதறிவிட்டு
புதுசா வெட்டின காடு என்றான்.
மஸ்கெலியாவில் ஒருத்தன் சொன்னான்,
லிந்துலைக்கு மேலே ஒருத்தன்,
ராகலையிலும் யாரோ.
ஒருவனை ஒருவன் கண்டதே கிடையாது.
தேயிலை கிழண்டு, தூர் பாசி பிடித்து
நூறு வருஷம் தாண்டியும்
இன்னும் புதுக்காடு.

மஸ்கெலியாப் புதுக்காட்டில் ஆரோக்கியநாதன் என்பவர்
சீட்டை வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.
"நம்ம கூரையும் ஒழுகுதுதானே தம்பி.
புதுக்காடுன்னுதானே போட்டிருக்கு?"
சட்டப்படி அவர் சொன்னது சரி.
ஒரு தறப்பாளைக் கொடுத்தேன்.
அதைக் காம்பராவுக்குள் போட்டுவிட்டு
மம்பட்டியோடு வந்து
மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டார்.
எதற்கு என்று நானும் கேட்கவில்லை.
வழியெல்லாம் வெற்றிலை மென்றார்,
தலவாக்கலை தாண்டியதும் துப்பிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

லிந்துலைக்கு மேலே ரோட்டு முடிந்தது.
அங்கிருந்து தலைச்சுமை.
பத்துக் காம்பரா லயம்;
முதல் மூன்றும் கடைசி ஒன்றும் நின்றன.
நடுவில் தேயிலைச் செடிகளோடு
மலையே வந்து படுத்திருந்தது,
நிரை கலையாமல்.

டோர்ச் வெளிச்சத்தில் கணக்கப்பிள்ளை
செக்ரோலை விரித்துக் கூப்பிட்டார்.
பெருமாயி.
தனபாக்கியம்.
அந்தோனியம்மா.
"இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது,
அது அந்தோனியம்மா.
நேற்று மழை வலுத்ததும்
மத்தியானமே கொழுந்தை நிறுத்து இறக்கி
வீட்டுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டார்களாம்.
வந்து படுத்தவர்கள் படுத்தவர்கள்தான்.
எட்டிப் பார்த்தேன்:
எல்லாருக்கும் நேராக ஒரே புள்ளி.
அரைப்பேர்.

ஆரோக்கியநாதன் ஆறாவது காம்பரா இருந்த இடத்தை
வெட்டத் தொடங்கியிருந்தார்.
மம்பட்டி தகரத்தில் பட்டால் நிறுத்துவார்,
காது வைப்பார்,
மறுபடி வெட்டுவார்.

அரிசியை இறக்கிவிட்டுக் கூப்பிட்டேன்,
வரவில்லை.
அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.
சேற்றுக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு எடுத்தார்.
பெண்பிள்ளைக் குரல், பதறி,
எனக்கே கேட்டது:
அப்பா, எங்கப்பா இருக்கீங்க?

கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்தார்.
"புதுக்காட்டுலதாம்மா" என்றார்.