பத்தாம் எண்

மூட்லி என்றே ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.
முதலி என்று திருத்த
ஏழு சீசனில் எனக்கு நேரம் வாய்க்கவில்லை.
பந்து கைக்கு வந்தால் அரை நொடி.
அதற்குள் யாருக்கென்று தெரிந்துவிட வேண்டும்.
கொடுத்த பிறகுதான் இடிப்பார்கள்.
ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டியவனைக்
கூட்டம் தோளில் தூக்கும்போது
நான் புல்லுக்குள் முகம் புதைந்து
டர்பன் மண்ணை முகர்ந்துகொண்டிருப்பேன்.

புளும்ஃபொன்டேனில் ஒரு ஜூலை ராத்திரி
இடது தோள் கழன்றது.
ஒரு தகடு, ஆறு திருகாணி.
ஒப்பந்தம் முடிந்த சேதி
ஷாமிளாவின் போனுக்கு வந்தது.
என் நம்பரைத் தப்பாக எழுதி வைத்திருந்தார்களாம்,
ஏழு வருஷமாக.

இப்போது சாட்ஸ்வொர்த்தில் டயர் கடை.
உயரத்துப் பல்பை அவள்தான் மாற்றுகிறாள்.
தைப்பூசத்தன்று கோயில் வாசலில்
யாராவது கேட்டுவிடுகிறார்கள்:
"என்ன குபேந்திரன், இந்த வருஷமும் காவடி எடுக்கலையா?"
கை காதுக்கு மேல் போகாது என்று
நான் சொல்வதில்லை.
எலுமிச்சைக் கூடையோடு
ஊர்வலத்தில் முன்னால் நடக்கிறேன், அவ்வளவுதான்.

மேளச் சத்தத்தில், பின்னாலிருந்து
எவனோ ஒரு பழம் கேட்கிறான்.
திரும்பாமலே
வலக்கையால் எறிகிறேன்.

விழுந்த சத்தம் இல்லை.