வத்தத்தில் அளந்த நிலம்

டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் நான்தான்.
முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.
கூலி நானூற்றைம்பது, ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம்.

எண்ணூருக்கு வடக்கே, கொசஸ்தலை
கடலுக்குத் திரும்புகிற முடக்கில்
மூன்று பக்கம் தண்ணீர் எங்கள் குப்பத்துக்கு.
நாலாவது பக்கம் இடுகாடு.
சர்வேயர் கைக்குட்டையைத் தலையில் கட்டியிருந்தார்.
"தண்ணி எப்பங்க வத்தும்?" என்றார்.
மரியாதையாகக் கேட்டார்,
மரியாதையாகச் சொன்னேன்.

இறால் தடவும் பெண்களின் நேரம் அது.
சேறு தன் முதுகைக் காட்டும்.
அப்போது அளந்தார்.
வலை காயும் மணல்,
பாட்டுக்குப் படகு இறங்கும் துறை,
என் அப்பாவைப் புதைத்த மேடு,
எல்லாம் டேப்பில் ஏறி நோட்டில் இறங்கின.
முப்பது மீட்டருக்கு ஒருமுறை
"சரியா?" என்பார்.
"சரி" என்பேன்.

ஆறு மாதம் கழித்து வரைபடம் வந்தது.
ஆறு இருக்க வேண்டிய இடத்தில்
தரிசு என்று மூன்று எழுத்து.
பட்டா ஏதோ ஒரு கம்பெனி பேரில்.
வில்லங்கம் கேட்டு எழுதிப் போட்டோம்.
'வில்லங்கம் ஏதுமில்லை' என்று
முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.
கூடவே ஊர் சம்மதம் என்றொரு காகிதம்,
அடியில் மங்காவரத்தின் இடது பெருவிரல் ரேகை,
சுழிசுழியாக, அழகாக.

மங்காவரத்தின் இடது பெருவிரலை
எஞ்சின் பெல்ட் தின்று பதினொரு வருஷம்.
தாலுகா ஆபீஸ் மேசையில் அவன் அந்தக் கையை வைத்தான்.
பேப்பர் வெயிட்டை நகர்த்தி இடம் கொடுத்த அதிகாரி
கொஞ்சம் பார்த்துவிட்டு
"வலதா இருக்கும், எழுத்துப் பிழை" என்றார்.

பஸ்ஸில் தேசம்மா சொன்னாள்:
"காயிதத்துக்குக் காயிதம் காட்டினா தோத்துருவோம்.
தண்ணிய சாட்சிக்குக் கூப்டு."
நேரில் வந்து பார்க்கும்படி மனு எழுதினாள்.
தேதியையும் அவளே போட்டாள்,
அமாவாசைக்கு மறுநாள், காலை ஒன்பதரை.
ஏன் அந்தத் தேதி என்று கேட்டதற்கு
அன்றைக்குத்தான் ஊர் முழுக்கக் கரையிலிருக்கும் என்றாள்.
பொய்தான்.

இரண்டு ஜீப்பில் வந்தார்கள். ஒரு குடை.
அதிகாரி வரைபடத்தை விரித்து
"இப்ப நாம இங்க நிக்கிறோம்" என்று விரல் வைத்தபோது
தண்ணீர் அவர் ஷூ லேஸைத் தொட்டது.
அவர் ஓரடி நகர்ந்தார்.
அதுவும் நகர்ந்தது.
பத்து மணிக்குக் கணுக்கால்.
நட்ட கல்லில் மஞ்சள் அம்புக்குறி மட்டும் மிச்சம்,
பிறகு அதுவுமில்லை.
மடவை ஒன்று துள்ளித் தரிசில் விழுந்தது.
பையன்கள் சிரித்தார்கள்.
தேசம்மா சிரிக்கவில்லை.
புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு உள்ளே நடந்து
இடுப்பளவில் நின்று
சர்வே நம்பரைக் கூப்பிட்டாள்,
கோர்ட்டில் டவாலி கூப்பிடுகிற மாதிரி
மூன்று தரம்.

'மறு அளவீடு தேவை' என்று எழுதினார் அதிகாரி.
அன்றைக்கு எல்லா வீட்டிலும் நண்டுக் குழம்பு.

நேற்று நோட்டீஸ் வந்தது.
பத்தொன்பதாம் தேதி, காலை பத்து மணி.
காலண்டரைப் பார்த்தேன். அட்டமி.
அட்டமியில் பத்து மணிக்கு வெறும் சேறுதான்.
யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.
அவனிடமும் மரியாதையாகத்தான் கேட்டிருப்பார்கள்,
அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சேற்றில் படகு நடக்காது.
அதனால் பௌர்ணமி வெள்ளத்திலேயே ஏற்றிவிடப் போகிறோம்,
முப்பத்தேழு படகையும், அந்த வரைபடத்தின் மேல்.
தண்ணீர் இறங்கும், படகுகள் நிற்கும்.
அடுத்த பெரிய வெள்ளம்வரை
அவர்களாலும் நகர்த்த முடியாது, எங்களாலும்.
பத்துப் பதினைந்து நாள் பாடு போகும்.
போகட்டும், படாத பாடா.

ராத்திரி ஒன்பதுக்குத் தண்ணீர் ஏறும்.
என் படகுதான் முதலில்.
கயிற்றை அந்தக் கல்லிலேயே கட்டுவேன்.
நட்டபோது நேராக இருக்கிறதா என்று
பிடித்துக் காட்டியவன் நான்.