கழுவித்தான் போட்டேன்

இங்கே யாருடைய முகமும் எனக்குச் சரியாகத் தெரியாது.
சோலில், நூற்று மூன்றாம் கட்டடத்தின் இரவுக் காவலாளி நான்,
பியோன் கில்சு.
வியாழன் இரவு லிஃப்ட் இறக்கிவிடும்
பைகளைத்தான் தெரியும்.
எண்ணூற்று நாலில் குடியை விட்டுவிட்டார்கள்:
பச்சைப் புட்டிகளின் கிணுகிணுப்பு மூன்று வாரமாய் இல்லை.
ஆயிரத்து நூற்றொன்றில் குழந்தை பிறந்திருக்கிறது.
அறுநூற்று ஏழிலிருந்து யாரோ போய்விட்டார்கள்,
தயிர்க் கிண்ணம் இப்போது ஒற்றையாய் வருகிறது.

ஐந்நூற்று இரண்டு, ஓக் மிரான்.
அவள் பை வந்தால் எனக்கு வேலை குறைவு.
பாட்டிலின் லேபிளை நகத்தால் உரித்து,
கழுத்து வளையத்தைக் கத்தரித்து,
நூடுல்ஸ் கோப்பையின் குழம்புச் சிவப்பு
சோப்புக்கு மசியாதபோது
பால்கனியில் இரண்டு நாள் வெயில் காட்டுவாள்.
மிளகாய் காய்ந்தால் சிவக்கும்,
இது காய்ந்தால் வெளுக்கும்.
வெளுத்த பிறகே கீழே கொண்டுவருவாள்.

ஏப்ரலில் ஒரு விடியலில் லாரி வந்தது.
அட்டையை எடுத்தது, இரும்பை எடுத்தது, கண்ணாடியை எடுத்தது.
பிளாஸ்டிக் மூட்டைகளைத் தொடவில்லை.
"வாங்க ஆளில்லைண்ணே" என்றான் ஓட்டுநர் பாங்.
"விலை படியலையா?"
"சும்மா கொடுத்தாலும் ஆளில்லை.
இத்தனை நாள் கப்பலேறிப் போச்சு.
அந்தக் கரையில் கதவைச் சாத்திட்டாங்க."

மூட்டைகள் சைக்கிள் நிறுத்தத்தை விழுங்கின.
பிள்ளைகளின் சறுக்குமரத்தின் பாதிவரை ஏறின.
செர்ரிப்பூ உதிர்ந்து அவற்றின்மேல் ஒட்டியது.
அதை எந்தப் பையில் போடுவதென்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.
மற்றதெல்லாம் கேட்டார்கள், கத்தியே கேட்டார்கள்,
துறைமுகத்துச் சாவி
என் இடுப்பில் தொங்குவதுபோல.

மிரான் கத்தவில்லை.
குவியலுக்குள் தன் பையை அடையாளம் கண்டு நின்றாள்.
"கழுவித்தான் போட்டேன்" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.
என்னிடமா, பையிடமா, தெரியவில்லை.

சொல்ல ஒன்றும் இல்லாமல்
என் குளிர்கோட்டின் உட்பட்டியைக் காட்டினேன்.
இது பாட்டில்களாக இருந்ததாம். பெருமையாய் அச்சடித்திருக்கிறது.
ஜிப் போனபோது பழந்துணிக்காரன் இதை வாங்கவில்லை,
பஞ்சும் நூலும் பசையும் கலந்த கலவையாம்.
துரத்திக்கொண்டு ஓடும் அந்த மூன்று அம்புகளை
வட்டமென்றுதான் நினைத்திருந்தேன்.
கிட்டப்போய்ப் பார்த்தால் படிக்கட்டு.
இறங்க மட்டும் தெரிந்தது.

மறுநாள் அவள் அலுமினியச் சட்டியோடு
டோஃபு கடைக்குப் போனாள்.
கடைக்கார அம்மா சட்டியில் இரண்டு கட்டிகளை வைத்து,
தண்ணீர் சிந்திவிடுமே என்ற பிரியத்தில்
சட்டியையே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு
முடிச்சும் போட்டுக் கொடுத்தாள்.
என் ஜன்னலருகே வந்து
கண்ணில் நீர் வரச் சிரித்தாள் மிரான்.
அதற்கடுத்த வாரம் முடிச்சில்லாமல் வந்தாள்,
பாவாடையெல்லாம் டோஃபுத் தண்ணீர்.
"ஸ்ட்ராபெரிக்கு மட்டும் வழி தெரியலை" என்றாள்,
திருடியதை ஒப்புக்கொள்கிறவள்போல.

இருபத்துமூன்றாம் நாள் லாரி திரும்பியது.
நகராட்சி ஏதோ பணம் கட்டியதாம்.
எங்கே போகிறது என்று கேட்டேன்.
பாங் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.
அந்த வியாழன் பைகள் முன்னைவிடக் கனத்தன.
நிம்மதிக்கும் எடை உண்டு.

ஐந்நூற்று இரண்டிலிருந்து ஒரே ஒரு ஸ்ட்ராபெரிப் பெட்டி.
என் பதிவேட்டில்
வந்ததற்குக் கட்டம் உண்டு, போனதற்கு உண்டு,
திருப்பி அனுப்பியதற்கும் உண்டு.
வராததை எங்கே எழுதுவது?
ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

நேற்று முள்ளங்கி போட்ட மீன் கொண்டுவந்தாள்,
அதே சட்டியில்.
"சட்டி திரும்பி வரணும்" என்றாள், நன்றிக்கு இடம் விடாமல்.

விடிகாலை இரண்டு மணிக்கு எனக்குப் பசிக்கும்.
மீன் தீர்ந்திருந்தது. வழக்கம்போல
ஒரு கோப்பை நூடுல்ஸுக்கு வெந்நீர் ஊற்றினேன்.
என்னை ஏன் பார்க்கிறீர்கள்?

இப்போது ஜன்னல் விளிம்பில் இரண்டும் காய்கின்றன.
கோப்பையின் சிவப்பு மெல்ல வெளுக்கிறது.
சட்டியின் அடியில் பழைய கரி, அது வெளுக்காது.
ஐந்நூற்று இரண்டின் அழைப்பு மணியை
இரண்டு முறை அழுத்திவிட்டு வந்திருக்கிறேன்.