சுழி பார்த்தல்

பகலில் தோல் பார்க்கிறேன்.
பேரணாம்பட்டில், மலட்டாற்றை ஒட்டின ஷெட்டில்,
நாலு டியூப்லைட்டுக்குக் கீழே
ஆட்டுத்தோலை விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு.
உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி இழுத்த கோடு,
கத்தி தவறின இடம்.
ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், கழிவு.
ஒரு தோலுக்குப் பத்து நொடி.
அதற்கு மேல் நின்றால் முனிரத்தினம் செருமுவார்.

ராத்திரி கேலக்ஸி பார்க்கிறேன்.
தஸ்லீமாதான் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.
தொலைநோக்கி பிடித்த படங்கள், லட்சக்கணக்கில்;
வகை பிரிக்க ஆளில்லையாம், கண்ணிருந்தால் போதுமாம்.
கூலி? என்றேன்.
கூலி கிடையாது, செருமவும் ஆள் கிடையாது என்றாள்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
வழுவழுப்பா, உள்ளே ஏதாவது தெரிகிறதா?
வழுவழுப்பென்றால் நீள்வட்டம்.
நடுவில் வெளிச்சம், ஓரத்துக்குப் போகப்போக
எங்கே முடிந்ததென்று சொல்லாமலே முடியும்.
பழுத்த மஞ்சள். தொட்டில் கட்டி நாளான வீடு.

சுருள் வந்தால் தூக்கம் போய்விடும்.
மாட்டுத் தரகர் சுழி பார்ப்பாரே, அப்படிப் பார்ப்பேன்:
எத்தனை கை, இறுக்கிச் சுற்றினதா, அவிழ்ந்து கிடப்பதா.
கைகளில் திட்டுத்திட்டாய் நீலம்,
அங்கேதான் பிறந்து கொஞ்ச காலமே ஆன நட்சத்திரங்கள்.
சிலதில் நடுவே குறுக்காக ஒரு தாழ்ப்பாள்,
கைகள் அதன் இரு நுனியிலிருந்து கிளம்பும்.
அதைக் கவனிக்காமல் இரண்டு வாரம் தப்பாகக் குறித்தேன்.
பக்கவாட்டில் நிற்பது வெறும் கோடு, நடுவே புடைப்பு,
நெடுகக் கறுப்பாய்த் தூசி:
வேலி இழுத்த தழும்பேதான்.

பருப்பு வடிவம் ஒன்று உண்டு.
தட்டு இருக்கும், கை இருக்காது.
நேராகப் பார்த்தால் நீள்வட்டம் என்று ஏமாற்றும்.
அதில் தஸ்லீமாவும் நானும் ஒத்துப்போனதே கிடையாது.
சாப்பாட்டு நேரத்தில் டிபன் மூடிமேல்
முழு மைசூர்ப் பருப்பு ஒன்றை வைத்து
படுக்கவைத்தும் நிறுத்தியும் காட்டுவாள்.
பருப்பு உருண்டு ஓடிவிடும்.

அப்புறம் எதிலும் சேராதவை.
கை பிய்ந்தது, வால் முளைத்தது,
ரெண்டு ஒன்றையொன்று இடித்துக் கலங்கிக் கிடப்பது.
கழிவு என்று அழுத்தத் தேடினேன்,
அப்படி ஒரு பட்டனே இல்லை.
'ஒழுங்கற்றது' என்று இருந்தது. அதற்கும் ஒரு கட்டம்,
மற்றதற்கெல்லாம் உள்ள அதே அளவில்.

மறுநாள் உண்ணிப்புள்ளி மண்டின தோல் வந்தது.
கழிவில்தான் போட்டேன், வேலை அது.
பதினைந்து நொடி ஆனது. முனிரத்தினம் செருமினார்.

கார்த்திகையில் ஒரு நாள் ஊர் மொத்தமும் கரண்ட் போனது.
நான் என் மாடியில், தஸ்லீமா அவள் மாடியில்.
ஆந்திரமேடா தெரியும் பார், என்று கத்தினாள்.
பெயரைக் கேட்டு ஆந்திரா மலைப்பக்கம் திரும்பினேன்;
திசை சரிதான், இன்னும் மேலே, உச்சிக்கு வடக்கே.
எச்சில் விரலால் தொட்ட மாதிரி ஒரு மங்கல்.
உற்றுப் பார்த்தால் மறையும்,
கண்ணை ஓரமாக்கினால் வரும்.

பெரிய சுருள் அது, படத்தில் எத்தனை தடவை பார்த்தாயிற்று.
என் கண்ணுக்கு வழுவழுப்பு.
கை இல்லை, நீலம் இல்லை, தூசி இல்லை.
வெறும் படமாக வந்திருந்தால்
நீள்வட்டம் என்று அழுத்தி அடுத்ததற்குப் போயிருப்பேன்.

எதில் போடுவே? என்றாள் அந்த மாடியிலிருந்து.

இரு, என்றேன்.
இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்,
தெருவிளக்கு எரியும்வரை.