காய்ந்த குறைவு

போன மாதம் குரோம் தொட்டிகளின் அடியில்
வழித்தெடுத்த சேறு பதினொரு டிரம்.
உரிமம் வைத்திருக்கும் கம்பெனி லோரி
ஏற்றிப்போனது எட்டு.
ரசீதும் எட்டுக்குத்தான்.

மிச்சத்தை எந்தப் பத்தியில் எழுத என்று
வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரே ஒருமுறை கேட்டேன்.
தவுக்கே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
'காய்ந்து சுருங்கிப் போச்சு.'
எழுதினேன்.
ஏழு வருஷமாய் எங்கள் பட்டறையில்
மாதா மாதம் மூன்று டிரம் காய்கிறது,
நவம்பர் மழையிலும்.

பின்வாசல் சாக்கடை சில காலைகளில்
வாழைக்குருத்துப் பச்சை.
அழகு என்று வாய்வரை வந்துவிடும்.

முலாம் தொட்டியில் நிற்கிற ரஃபீக்
மூக்கில் ரத்தம் வந்தால்
சுவர் நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து
உருட்டி அடைத்துக்கொள்வான்.
இன்று தேதி பதினாறு.
சுவரில் இருபத்து மூன்று.

இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார்.
அவர் வருவதற்கு முதல் நாள் இரவெல்லாம்
குழாய் திறந்தே கிடந்தது.
தெளிந்த தண்ணீரை போத்தலில் பிடித்து
என் மேசையில் வைத்துத்தான் சீட்டு ஒட்டினார்.
பேனா நான் கொடுத்தது.

ஜூரு ஆறு கடலில் கலக்கிற சேற்றில்
காக் ரொஹானாவின் புருஷன் கெராங் அள்ளுகிறார்.
வெள்ளிக்கிழமை பசார் மாலமில் அவள் கடை.
ஒரு கிலோ நிறுத்து, அதன்மேல்
ஒரு பிடி அள்ளிப் போடுவாள்.
அந்தப் பிடிக்குக் கணக்கு இல்லை.

இப்போதெல்லாம் நான் வாங்குவதில்லை.
வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
அதற்காக இஞ்சி மிட்டாய் ஒரு பொட்டலம்
எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள்.
காசு வாங்கவில்லை.

பின்னால் முக்காலியில் அவள் மகள்,
ஆறு மாதம்,
வயிற்றின்மேல் தட்டை வைத்துக்கொண்டு
வெந்த சிப்பியை நகத்தால் நெம்பி
சம்பலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.
எண்ண ஆரம்பித்துவிட்டேன். தொழில் புத்தி.
பதினான்குவரை எண்ணினேன்.
பிறகு யாரோ குறுக்கே வந்து நின்றார்கள்.

சொல்லியிருக்கலாம்.
மலாயில் 'ஈயம்' எனக்குத் தெரியும்,
'நிக்கல்' எல்லா மொழியிலும் நிக்கல்தான்.
இஞ்சி மிட்டாய் வாயில் இருந்தது.

இந்த மாதக் கணக்கை இன்னும் முடிக்கவில்லை.
'காய்ந்த குறைவு' என்று எழுதி
எண்ணுக்கு முன்னால் நிறுத்தினேன்.
தவுக்கே இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.
மூடி போடாமல் வைத்த பேனா
அதற்குள் காய்ந்துவிட்டது.